குழந்தைகளோடு செஞ்சிக் கோட்டை ஏறுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பமாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே தினுசில்தான் வருகிறார்கள். பத்தரை மணிக்கு வந்து இறங்குவது, கல்யாண மகால் முன்னால் நின்று ஆளுக்கு நாலு படம் எடுப்பது, ஆனைக்குளம், குதிரை லாயம் என்று கீழே இருக்கிற எல்லாவற்றையும் சுற்றி முடிப்பது, அப்புறம் பன்னிரண்டு மணி வெயிலில் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்து, "வந்தது வந்தாச்சு, ஏறிடலாம்" என்று கிளம்புவது. பாதி மலையில் சின்னவன் படியிலேயே உட்கார்ந்துவிடுவான், தண்ணீர் தீர்ந்திருக்கும், யாராவது ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். கட்டியவர்கள் நினைத்ததும் இதைத்தான். மேலே வந்து சேருகிறவன் சண்டை போடத் தெம்பில்லாமல் வர வேண்டும் என்றுதான் இந்தப் பாதையே போடப்பட்டிருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியின் சாரம் ஒன்றே ஒன்றுதான்: வரிசையை மாற்றுங்கள். முதலில் மலை, பிறகு கீழ்க்கோட்டை. கீழே மரநிழல் உண்டு, புல்தரை உண்டு, கட்டடங்களுக்குள் குளிர்ச்சி உண்டு. வெயில் நேரத்தைக் கழிக்க அதுதான் இடம். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற விவரங்கள்.

எந்த மலை, யாருக்கு

செஞ்சி என்பது ஒரு கோட்டை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், மூன்றையும் சேர்த்து வளைத்த சுமார் 13 கிலோமீட்டர் மதில், அதற்குள் ஏறக்குறைய 11 சதுர கிலோமீட்டர் நிலம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று கிளம்பினால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

சந்திரகிரியைக் குழந்தைகளோடு வருகிறவர்கள் மறந்துவிடலாம். பராமரித்த பாதை கிடையாது, முள்ளும் புதரும்தான். மிச்சம் இரண்டு. ராஜகிரி சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேல் படிகள், நிதானமாக ஏறினால் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி. கிருஷ்ணகிரி சிறியது, முக்கால் மணி நேரத்தில் குழந்தையின் நடைக்கே உச்சியைத் தொட்டுவிடலாம்.

என் கணக்கு இது. கூட வருகிற பிள்ளை எட்டு வயதுக்கு மேல், தினமும் ஓடியாடுகிற பிள்ளை என்றால் ராஜகிரி. நாலிலிருந்து ஏழு வயது என்றால் கிருஷ்ணகிரி, தயங்கவே வேண்டாம். அதற்கும் கீழே என்றால் உடம்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பையில் வைத்துக் கிருஷ்ணகிரி ஏறலாம், ஆனால் தூக்குகிறவருக்குப் படியேறிப் பழக்கம் இருக்க வேண்டும். தள்ளுவண்டி எல்லாம் காரிலேயே இருக்கட்டும். தாத்தா பாட்டி வந்தால் அவர்களைக் "கொஞ்ச தூரம் வாங்க" என்று கூட்டிப்போய் நடுவழியில் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் கீழ்க்கோட்டையில் ஒரு மரத்தடியில் இருக்கட்டும், ஏறுகிறவர்கள் ஏறி வரட்டும், பிறகு எல்லோருமாகக் கீழே சுற்றலாம். குடும்பத்தை இரண்டாகப் பிரிக்க மனசு வராதுதான், ஆனால் அன்றைக்குச் சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எந்த நாள், எந்த வழி

கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைக்கும்தான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்களில் தண்ணீர் நிற்கும், பாறை இடுக்கெல்லாம் பச்சை பிடித்திருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போது வேண்டாம், தேய்ந்த கருங்கல் படி நனைந்தால் பெரியவர்களுக்கே வழுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் குழந்தைகளோடு மலை ஏறும் யோசனையைத் தள்ளிப் போடுங்கள். இங்கே மலை என்பது மண்மேடு அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும் உருண்டைப் பாறைகள். காலையில் வாங்கிய சூட்டை நாள் முழுக்கத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும்.

நாள் பார்ப்பதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பௌர்ணமி அன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் கிரிவலக் கூட்டம் நிரம்பி வழியும். அமாவாசை அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். இந்த இரண்டு நாளிலும் பேருந்தில் குழந்தையோடு நிற்கக்கூட இடம் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனம் வரை நெடுஞ்சாலை, அங்கிருந்து மேற்கே திருவண்ணாமலை சாலையில் திரும்பினால் அரை மணி, முக்கால் மணியில் செஞ்சி. ரயில் என்றால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். கோட்டை ஊரைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது, பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். திருவண்ணாமலை சாலை கோட்டைக்கு நடுவிலேயே போகிறது. ஊரிலிருந்து போகும்போது வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் உள்ளே திரும்பினால் ராஜகிரியும் கீழ்க்கோட்டையும்.

கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, நுழைவுச்சீட்டு உண்டு, 15 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு ராஜகிரி ஏற விடமாட்டார்கள், எத்தனை மணிக்குள் ஏற ஆரம்பிக்க வேண்டும், எப்போது இறங்கிவிட வேண்டும் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் கடைசிவரை வைத்திருங்கள், அடுத்த மலை வாசலிலும் கேட்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர். ஆளுக்கு ஒரு லிட்டர் என்பது குறைந்தபட்சம், ராஜகிரி என்றால் ஒன்றரை. மலைமேல் கடை எதுவும் கிடையாது. காலையில் செஞ்சியிலேயே இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது, ஆனால் பொங்கலை அளவாக வையுங்கள், அந்த நெய்யோடு படி ஏறுவது தனிக் கொடுமை. கடலை மிட்டாய், பேரீச்சை, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை நீர் போதும். தொப்பி வேண்டும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. கழிப்பறை வசதி வாசல் பக்கம்தான், அதனால் பிள்ளைகளை ஏறும் முன்பே கூட்டிப் போய்விட்டு வாருங்கள், "இப்ப வரல" என்று சொன்னாலும் சரி.

எல்லாமே முதுகில் மாட்டும், ஜிப் வைத்த பைக்குள் இருக்க வேண்டும், கையில் ஒன்றும் தொங்கக் கூடாது. காரணம் குரங்குகள். இங்கே இருக்கும் குரங்குகளுக்கு மஞ்சள்பை, பாலித்தீன் பை சத்தம், கலர் பாட்டில் எல்லாம் என்னவென்று நன்றாகத் தெரியும். படிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தை கையில் ஒரு பிஸ்கட் இருந்தால் போதும். பிடுங்க வந்தால் விட்டுவிடச் சொல்லிக்கொடுங்கள், இழுபறி கூடாது. பல்லைக் காட்டிச் சிரிப்பதும், கண்ணோடு கண் முறைப்பதும் அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. உணவு போடவே போடாதீர்கள், நாம் போட்டதால்தான் இந்த நிலைமை.

ராஜகிரி ஏற்றம்

முதல் பாதி எளிது. இரு பக்கமும் மரங்கள், நிழல், படிகள் ஓரளவு அகலம். இங்கேதான் பிள்ளைகள் ஓடி ஏறித் தெம்பைத் தீர்த்துக்கொள்வார்கள். வேகத்தைப் பிடித்து நிறுத்துங்கள். பெரிய ஆள் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில், நடையின் வேகத்தைக் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர் தீர்மானிக்கட்டும்.

வாசல் வரும் இடமெல்லாம் நில்லுங்கள். ஒரு வாசல், அதைத் தாண்டிக் கொஞ்சம் படி, மறுபடி ஒரு வாசல் என்று பாதை போகும். ஒவ்வொரு வாசலிலும் நிழலும் காற்றும் கிடைக்கும், மூச்சு வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வியும் அங்கே தயாராக இருக்கிறது: பாதை ஏன் வாசலுக்கு நேராக வராமல் சட்டென்று திரும்பி வருகிறது? யானையை வைத்துக் கதவை முட்ட வேண்டுமானால் அது கொஞ்ச தூரமாவது ஓடி வர வேண்டும். திருப்பத்தில் ஓட இடம் கிடையாது. திரும்பி நிற்கிறவனின் முதுகு மேலே மதிலில் இருப்பவனுக்குக் குறி. இதைச் சொல்லிவிட்டு ஒரு பிள்ளையை மதில் பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் நிறுத்திப் பாருங்கள். அதற்கப்புறம் அடுத்த வாசல் எப்போது வரும் என்று அவர்களே கேட்டுக்கொண்டு ஏறுவார்கள், "இன்னும் எவ்வளவு தூரம்" என்பது நின்றுவிடும்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மலைக்குக் கமலகிரி என்றும் ஒரு பெயர் உண்டு. சித்திரையில் இந்த அம்மனுக்குத் திருவிழா, அன்றைக்குச் சுற்றுவட்டார ஊர்சனம் மொத்தமும் இங்கேதான். கோயிலைத் தாண்டினால் நிழல் குறையும், படியின் உயரமும் கூடும். சில படிகள் சின்னப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே வரும். இங்கிருந்து ஐம்பது படிக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நிறுத்தத்தில் உட்கார வேண்டாம், நின்றபடி இரண்டு மடக்கு தண்ணீர். உட்கார்ந்தால் எழுப்புவது பெரும்பாடு. முகம் சிவந்து, பேச்சைக் குறைத்து, தலை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அத்தோடு இறங்கிவிடுங்கள். உச்சி எங்கேயும் போகாது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை திடீரென்று இரண்டாகப் பிளந்து நிற்கும். இயற்கையான பிளவுதான், அதை இன்னும் ஆழமாக்கி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒரு சிறிய பாலம், பாலத்தைத் தாண்டினால் உடனே வாசல். அந்தக் காலத்தில் அந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் போதும், மேலே இருப்பவர்கள் ஒரு கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டே கீழே நிற்கும் படையைத் தடுத்துவிடலாம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் வந்து முற்றுகை போட்டு 1698 வரைக்கும் இழுத்தடித்தது ஏன் என்று இந்தப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் புரிந்துவிடும். அப்போது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம், மராட்டிய அரசு மகாராஷ்டிரத்தில் நிற்க இடமில்லாமல் இங்கே வந்து நடந்தது. கோட்டை விழுந்தபோது அவர் உள்ளே இல்லை, தப்பிவிட்டார். பாலத்தில் ஒவ்வொருவராகக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். விரலைப் பிடித்தால் உதறிவிட்டு எட்டிப் பார்க்கும்.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியங்கள், காவல் மண்டபம், வாய் திறந்து கிடக்கும் பீரங்கி எல்லாம் உண்டு. சில இடங்களில் கைப்பிடிச்சுவர் இருக்காது, அல்லது பிள்ளை தாண்டிவிடும் உயரத்தில் இருக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள். அரை மணி நேரம் போதும். மேலே நின்று பார்த்தால் மூன்று குன்றையும் இணைக்கும் மதில் வயல்வெளிக்கு நடுவே எப்படி ஓடுகிறது என்பது முழுசாகத் தெரியும், கீழேயிருந்து எந்தக் கோணத்திலும் அது புரியாது. பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகிப் போங்கள், கல் எறிகிற பிள்ளை உங்கள் கூட்டத்தில் இருந்தால் அதன்மேல் ஒரு கண்.

இறங்கும்போதுதான் கால் இடறும். களைப்பு, அவசரம், கீழே தெரியும் ஆட்டோ எல்லாம் சேர்ந்து பிள்ளைகளை ஓடச் சொல்லும். பெரியவர் ஒருவர் எப்போதும் பிள்ளைக்கு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி என்றால்

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ராஜகிரி ஏறாவிட்டால் செஞ்சி பார்த்ததாகவே ஆகாது என்று சிலர் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கூட்டம் குறைவு, படி நேராகப் போகிறது, மேலே போனால் குவிமாடம் வைத்த ஒரு காற்றோட்டமான மண்டபம். அந்த மண்டபத்தின் வளைவுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எதிரே ராஜகிரி முழு உருவத்தில் நிற்கும். ராஜகிரியைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணகிரியில்தான் ஏற வேண்டும், ராஜகிரியில் ஏறியவனுக்கு அது தெரியாது. மேலே களஞ்சியங்களும் எண்ணெய், நெய் சேமித்து வைத்ததாகச் சொல்லும் குழிகளும் இருக்கின்றன. எட்டிப் பார்க்கலாம், குனிந்து பார்க்க வேண்டாம். நிழல் குறைவான மலை என்பதால் பத்து மணிக்குள் உச்சியில் இருப்பது போல் கிளம்புங்கள்.

வெயில் நேரத்தில் கீழ்க்கோட்டை

இறங்கி வந்து, ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சரி, இளநீரோடு நிறுத்திக்கொண்டாலும் சரி, அடுத்த இரண்டு மணி நேரம் இங்கே.

கல்யாண மகால் கூம்பு வைத்த, அடுக்கடுக்கான கோபுரம். நடுவில் சதுரமான குளம், சுற்றி அறைகள். கோபுரத்துக்குள் படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், ஏற விட்டால் கைபேசி விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சுடுமண் குழாய் வைத்து மேல்மாடி வரைக்கும் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். பக்கத்தில் வளைவு வளைவாகக் குதிரை லாயம், உள்ளே போனால் குரல் எதிரொலிக்கும் பெரிய களஞ்சியம். வௌவால் நாற்றம் தாங்க முடிந்த பிள்ளைகளுக்குக் களஞ்சியம் ரொம்பப் பிடிக்கும். உடற்பயிற்சிக் கூடம் என்று சொல்லும் கட்டடத்தையும், தரையில் கிடக்கும் வழுவழுப்பான பெரிய கற்பலகையையும் பார்த்துவிட்டு, வேணுகோபாலசாமி கோயிலில் குழல் ஊதும் கண்ணன் செதுக்கிய பாறைப் பலகையைத் தேடிப் பிடியுங்கள். சின்னக் கோயில் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் நடக்கத் தயார் என்றால் கிழக்கே புதுச்சேரி வாசல் பக்கம் வெங்கட்ரமணர் கோயில். நாயக்கர் காலத்துப் பெரிய கோயில். இதன் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம் என்பார்கள். அவர்கள் கோட்டையைப் பிடித்தது 1750இல், ஒரே ராத்திரியில். எட்டு வருட முற்றுகையை மேலே பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் "அதெப்படி ஒரே ராத்திரியில்" என்று கட்டாயம் கேட்பார்கள். எவ்வளவு பெரிய மதிலாக இருந்தாலும் உள்ளே அதைக் காக்கப் போதுமான, விழிப்பான ஆட்கள் இருக்க வேண்டும் என்பதுதான் பதில். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பக்கத்திலேயே சாதத்துல்லாகான் பள்ளிவாசல். 1714இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லாகானோடு சண்டை போட்டு இறந்த தேஜ்சிங்தான் நம்முடைய தேசிங்குராஜன். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன், ஆண்டது சில மாதம்தான். முரட்டுக் குதிரையை அடக்கியதும், முஸ்லிம் நண்பன் மகமத்கான் கல்யாணக் கோலத்தை விட்டுவிட்டு அவனுக்காகப் போருக்கு வந்து உயிரை விட்டதும் கதைப்பாட்டாக இந்தப் பக்கமெல்லாம் பாடிய கதை. ஜெயித்தவர் பள்ளிவாசல் கட்டிக் கல்வெட்டும் வைத்தார், தோற்றவன் பாட்டில் ராஜாவானான். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல இந்த ஒன்று போதும், மற்ற ராஜாக்கள் பெயரைப் போட்டுக் குழப்பாதீர்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் இன்னொன்று சொல்லலாம்: 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள், 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது இது. சிவாஜி 1677இல் பிடித்ததன் பலன்.

செட்டிக்குளமும் சக்கரக்குளமும் தனியாகப் பக்கத்தில் இருக்கின்றன. நல்ல மழை வருடத்தில் நிறைந்து நிற்கும், படியில் பாசி இருக்கும், தடுப்பு இருக்காது. கையைப் பிடித்துக்கொண்டே பாருங்கள், கால் நனைக்கிற வேலை வேண்டாம். சுவரில் பெயர் கிறுக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கிருஷ்ணகிரி மண்டபத்துச் சுவரைக் காட்டினாலே பிள்ளைகளுக்கு அது எவ்வளவு அசிங்கம் என்று புரியும்.

மூன்றரை மணிக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருந்தால் ஊருக்கு வடக்கே சிங்கவரம். குன்றில் குடைந்த பல்லவர் காலத்துக் குகைக்கோயில், உள்ளே நீளமாகப் பள்ளிகொண்ட ரங்கநாதர். கோயில் திறக்கும் நேரத்தைச் செஞ்சியிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். விழுப்புரம் வழியாகத் திரும்புகிறவர்கள் மண்டகப்பட்டில் ஒரு பத்து நிமிடம் நிறுத்தலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டு வைத்த குகைக்கோயில் அது, சாலையிலிருந்து கிட்டம்தான், ஏற்றமும் இல்லை. சிங்கவரத்தில் மட்டும் படி உண்டு, அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.